ஆறாம் நம்பர் தோட்டா

ஆயுத உரிமப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் பணிக்கால அனுபவங்களைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். சட்டப் பிரிவுகளையும் படிவங்களையும் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வேலைக்கு வந்த காலத்தைவிட இன்று விதிகள் ஏராளம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் துப்பாக்கி போனால், அது கடைசியில் யார் கையில் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும் என உலக நாடுகள் கூடிப் பேசி ஒப்பந்தம் எழுதுகின்றன. நல்ல காரியம். ஆனால் எவ்வளவு பெரிய ஒப்பந்தமானாலும், எங்கோ ஒரு சிறிய ஊரில் ஒரு குமாஸ்தா விசாரித்து எழுதும் அரைப் பக்கத்தின் மேல்தான் அது நிற்கிறது. அறுபதுகளில் காரைக்குடிப் பக்கத்தில் அந்த அரைப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவன் நான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். தவறு அலுவலகத்துடையது அல்ல, என்னுடையது.

நான் எப்படிப்பட்ட குமாஸ்தா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் வருடம் நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் உரிமம் புதுப்பிக்க வந்தார். பர்மாவில் தொழில் செய்து, யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். கையில் மிஞ்சியது ஒரு பழைய துப்பாக்கி. அதன் குழலில் பொறித்திருந்த எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று. உரிமத்தில் ஏழு. எழுதியவரின் கையெழுத்துக் கோளாறு என்று பார்த்தாலே தெரியும். ஆனால் நான் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி, மதுரைக்கு எழுதிப் போட்டேன். அப்போது எங்கள் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது, கலெக்டர் அலுவலகமோ மதுரையில். பதில் வர மூன்று மாதம் ஆனது. அதுவரை அவர் வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தார்.

"இது வெடிச்சு இருபது வருசம் ஆச்சு தம்பி. எங்க அப்பச்சி வச்சிருந்தது. ஒரு சுழி மாறினதுக்கு என்னை இப்படி நடக்க விடுறீகளே" என்று ஒருநாள் கேட்டார்.

"விதிங்க" என்றேன்.

அனுமதி வந்தபின் போய்ப் பார்த்தால், ஈரச் சுவரோரம் கிடந்து துரு ஏறியிருந்தது துப்பாக்கி. அவர் அதைத் தொடவில்லை. "அரசாங்கமே வச்சுக்கிரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது வருத்தமில்லை. கண்டிப்பான ஆள் என்று பெயர் வாங்கியதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தாளில் ஒரு சுழி தவறினால் விடமாட்டான் என்று சொல்வார்கள். தாள் சரியாக இருந்தால் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கோப்பு வந்தது.

காரைக்குடியில் இருந்த ஒரு வணிக நிறுவனத்துக்கு இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் இருந்தது. பத்து இரட்டைக் குழல் துப்பாக்கிகளையும் அவற்றுக்கான தோட்டாப் பெட்டிகளையும் அங்கே அனுப்ப ஏற்றுமதி உரிமம் கேட்டிருந்தார்கள். காரணம், தோட்டத்துக் காய்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் அழிக்கின்றன என்பது. இலங்கை அரசின் இறக்குமதி அனுமதிக் கடிதம் இருந்தது. காவல்துறையின் ஆட்சேபணை இல்லை என்ற குறிப்பு இருந்தது. உரிமம் கொடுப்பவர்கள் மேலே இருந்தார்கள். கீழே இருந்து போக வேண்டியது என் விசாரணை அறிக்கை மட்டும்தான். தூத்துக்குடியில் கப்பல் வெள்ளிக்கிழமை. கோப்பு என் மேசைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

துப்பாக்கிகளைக் கட்டுவதற்குமுன் சரிபார்ப்பதற்காகக் காரைக்குடியில் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டறைக்காரர் துப்பாக்கி பழுதுபார்க்க முறையாக உரிமம் வாங்கிய ஆசாரி. அதிகம் பேசாதவர். நான் போய் உட்கார்ந்து ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் இரண்டு முறை படித்துக் குறித்துக்கொண்டேன். பத்தும் சரி. தோட்டாப் பெட்டிகளையும் எண்ணினேன். எண்ணிக்கை சரி. எழுந்தபோது ஆசாரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஐயா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கிறக் கூடாது."

"சொல்லுங்க."

"தாள்ல என்னத்துக்குன்னு எழுதியிருக்கீக?"

"காட்டுப்பன்னிக்கு."

அவர் ஒரு பெட்டியைத் திறந்து தோட்டா ஒன்றை எடுத்து அதன் மேல் அட்டையைக் காட்டினார். ஆறு என்று அச்சிட்டிருந்தது. "இது ஆறாம் நம்பரு. உள்ள இருக்கிற ரவை கடுகைவிடக் கொஞ்சம் பெருசு. கவுதாரி, காடை சுடுறது. பன்னி மேல பட்டா சிலுப்பிட்டுப் போயிரும். பன்னிக்குன்னா ஒத்தைக் குண்டு வேணும், இல்லைன்னா பெரிய ரவை வேணும். அத்தனை பெட்டியும் பாத்துட்டேன். எல்லாமே ஆறுதான்."

"தெரியாம வாங்கியிருப்பாக."

"தோட்டம் வச்சிருக்கிறவுகளுக்குத் தெரியாதுங்களா?"

"அப்ப எதுக்கு வாங்குறாக?"

"அது எனக்குத் தெரியாது. பன்னிக்கு வாங்கலை. அம்புட்டுத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அன்று மாலையே அறிக்கையின் வரைவை எழுதினேன். கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். தோட்டாக்கள் அனைத்தும் பறவை வேட்டைக்கான வகை, கூறப்பட்ட நோக்கத்துக்குப் பொருந்தவில்லை, விளக்கம் கேட்கலாம் என்று. என் மேலதிகாரி அதைப் படித்தார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, படிவத்துல தோட்டா நம்பருக்கு இடம் இருக்கா?"

"இல்லைங்க."

"மேல இருந்து கேட்டிருக்காகளா?"

"இல்லைங்க."

"எழுதாதீகன்னு நான் சொல்ல மாட்டேன். எழுதினா கோப்பு மதுரைக்குப் போயி, அங்கிருந்து மெட்ராஸ் போயித் திரும்பும். கப்பல் போயிரும். எதை வச்சு எழுதுனேன்னு கேப்பாக. பட்டறைக்காரர் சொன்னார்னு பதில் எழுதுவீகளா? யோசிச்சுக்கங்க."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் தடுக்கவில்லை. முடிவை என் கையில்தான் கொடுத்தார். பிற்காலத்தில் பல முறை, அவர் தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று ஏங்கியிருக்கிறேன். பழியைப் போட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

மறுநாள் காலையில் நிறுவனத்தின் மேலாளர் வந்தார். ஒக்கூர்க்காரர். வெள்ளை வேட்டி கசங்காமல், மரியாதையாகப் பேசக்கூடியவர். அவரிடம் நான் கேட்ட கேள்வியை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும்.

"காட்டுப்பன்னிக்குத்தானே வாங்கியிருக்கீக?"

"ஆமாங்க. தொல்லை தாங்க முடியலை."

பாருங்கள், கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே கையில் கொடுத்துவிட்டேன். அவர் தலையாட்டினால் போதும். எதற்கு வாங்குகிறீர்கள், யார் கையில் கொடுப்பீர்கள், ஏன் இந்த வகை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர் முகம் மாறியிருக்கும், அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டு வரியை அடித்துவிட்டு, "காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்கவே என விசாரணையில் தெரியவருகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எதையும் விசாரிக்கவில்லை. எனக்கு எதுவும் தெரியவரவும் இல்லை. வெள்ளிக்கிழமை கப்பல் போய்விட்டது.

ஆசாரியை அதன்பின் பல முறை தெருவில் பார்த்தேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஐந்து வருடம் ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிந்து, ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள். பாட்டன் காலத்தில் புறப்பட்டுப் போன ஊர் என்று ஒரு பெயர் மட்டும் இருக்கும், அந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. அவர்களின் மறுவாழ்வு உதவி விண்ணப்பங்களை நேரில் போய்ச் சரிபார்க்கும் வேலையை எங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நாட்டரசன்கோட்டைக்கு வெளியே ஒரு கொட்டகையில் நான் சந்தித்த கணவனும் மனைவியும் அப்படி வந்தவர்கள்தான். அவருக்கு நாற்பது வயது இருக்கும். பேசும்போது தலையை இடதுபுறமாகச் சாய்த்துக்கொண்டே பேசினார். வலது கண் வெளுத்துப் போயிருந்தது.

படிவத்தில் அங்க அடையாளம் என்று ஓர் இடம். கண்ணைக் குறித்துக்கொண்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அம்மைத் தழும்பு என்று எழுதப் போனேன்.

"அம்மை இல்லைங்க, சன்னம்" என்றாள் மனைவி. "துவக்குல இருந்து வர்ற சின்ன ரவை. எடுத்தது போக மிச்சம் உள்ளயே கெடக்கு."

"யார் சுட்டா?"

"தோட்டத்துக் காவக்காரங்க. அரிசி அளவைக் குறைச்சுட்டாகன்னு எல்லாரும் வேலைக்குப் போகாம பிரட்டுக் களத்துல நின்னோம். காலைல பேர் கூப்பிடுற எடம். பொம்பளைகதான் முன்னால நின்னோம். கலைஞ்சு போங்கன்னாக. போகலை. சுட்டுட்டாக."

"துப்பாக்கி அவுககிட்ட எப்பவும் இருக்குமா?"

"முன்னெல்லாம் கம்புதான் வச்சிருப்பாக. அந்த வருசம்தான் புதுசா வந்துச்சு. இது குருவி சுடுற சன்னம்தான், ஆள் சாகாதுன்னு தொரை சொன்னாராம். என் தம்பிக்கு வயித்துல பட்டுச்சு. சீழ் வச்சுப் பதினோரு நாள் கெடந்து செத்தான். ஒரு ஆள்தானே செத்தாருன்னு விசாரிக்க வந்தவுக எழுதிட்டுப் போனாக."

தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். அதே பெயர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வலது கண் பார்வை இல்லை, முதுகில் தழும்புகள் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் தவறாவது அவசரத்தில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மௌனத்துக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது.

ஒரு மாதம் அப்படியே போயிருக்கும். எத்தனை காலத்துக்கு அப்படி இருந்திருப்பேனோ தெரியாது. அதே நிறுவனத்திலிருந்து இன்னொரு விண்ணப்பம் வந்தது. அதே தோட்டத்துக்கு மேலும் தோட்டாக்கள் வேண்டும், முன்பு அனுப்பிய வகையிலேயே. காரணமும் அதே பன்றி. முந்தைய அனுமதியின் நகலை இணைத்திருந்தார்கள். அதற்கு அடிப்படையாக என் அறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

இந்த முறை பட்டறைக்காரர் சொன்னார் என்று எழுத வேண்டிய நிலை இல்லை. ஆனால் அந்தக் கணவனோ மனைவியோ எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தால்தான் அறிக்கை நிற்கும். வாக்குமூலம் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். மறுநாளே மறுபடியும் நாட்டரசன்கோட்டைக்குப் போனேன். குன்றக்குடிக்குப் போகிற காவடிக் கூட்டம் ஒன்று வழியில் வந்தது. அதற்கு வழிவிட்டு மர நிழலில் நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தது உண்மை.

கணவர் கொட்டகைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். அவள் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தத் துப்பாக்கிகள் இங்கிருந்துதான் வந்தன என்றும், அனுப்பலாம் என்று எழுதியவன் நான்தான் என்றும் சொன்னேன். தோட்டாவைப் பற்றி ஒருவர் எச்சரித்தார், அதை எழுதிவிட்டு அடித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் கீற்றைக் கீழே வைத்தார். அடுப்பு அணைந்துவிட்டது. அவள் அதைத் திரும்பப் பற்றவைக்கவில்லை.

அவள்தான் கேட்டாள். "அதை எழுதுறதுக்கு யார் யாரைக் கேட்டீக?"

"வாங்குறவுகளைக் கேட்டேன்."

"யார் மேல சுடுவாகளோ அவுகளைக் கேக்குறதுக்கு அதுல எடமே இல்லையா?"

"இல்லம்மா."

வாக்குமூலம் வேண்டும் என்றேன். கணவர் உடனே மறுத்தார். "வேணாங்க. எங்க அண்ணன் குடும்பம் இன்னும் அங்க தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கு. இன்னும் நாலு மாசத்துல அவுகளுக்குக் கப்பல். பேர் வெளிய போனா அதுவரைக்கும் அவுகளை நிம்மதியா இருக்க விட மாட்டாக." அவர் சொன்னது நியாயம். என்னால் எந்த உறுதியும் கொடுக்க முடியவில்லை. பெயர் வெளியே போகாது என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றையாவது நான் செய்யவில்லை. போகக்கூடும் என்றே சொன்னேன்.

அவள் கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "புதுப் பெட்டி அங்க போய் எறங்குனா யார் மேல வெடிக்கும்? அண்ணன் பிள்ளைகளும் அதே களத்துலதானே நிக்கிதுக. உங்க பேரு வேணாம். என் பேரைப் போட்டுக்கிரட்டும். செத்தது என் தம்பி."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னாள். ஓர் இடத்தில் "கூட்டம் கட்டுக்கடங்காமல் இருந்தபோது" என்று என்னையறியாமல் எழுதியிருந்தேன். "நாங்க சும்மா நின்னோம்னுதானே சொன்னேன்" என்றாள். அடித்துத் திருத்தினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தன் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாக்குமூலத்தோடு என் பழைய அறிக்கை தவறானது என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். பழைய மேலதிகாரி மாறிப் போயிருந்தார். புதியவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கோப்பை மேலே அனுப்பினார். ஆறு வாரம் பதில் இல்லை. அதற்குள் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம் எழுதவில்லை. என் குறிப்பு எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்க வேண்டும். மேலாளரைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "இப்பத் தேவைப்படலைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பழைய சம்பவத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தண்டனையும் இல்லை. அடுத்த வருடம் முறைப்படி பதவி உயர்வு வந்தது.

அந்த வேலையில் என்னை மிகவும் சோர வைத்தது இதுதான். நான் ஒரு கதவை அடைத்தேன், அதுவும் தாமதமாக. அந்தத் தோட்டத்துக்குத் தோட்டா விற்க உலகத்தில் எத்தனை கதவு இருந்ததோ எனக்குத் தெரியாது. ஒரு நாட்டில் மறுத்தது அடுத்த நாட்டுக்காரருக்குத் தெரியவர அப்போது எந்த வழியும் இல்லை. இன்று மறுப்புகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்று பேசுகிறார்கள் என்றால், அதை வெறும் கடிதப் போக்குவரத்து என்று நினைத்துவிடாதீர்கள்.

சில மாதம் கழித்து அவள் அலுவலகத்துக்கு வந்தாள். கணவருடைய அண்ணன் குடும்பம் பத்திரமாக மண்டபம் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "அந்தத் தாளு என்னங்க ஆச்சு?"

"விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாக. இங்கேருந்து எதுவும் போகலை."

"வேற எங்குட்டாச்சும் இருந்து போயிருக்குமா?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். "தெரியாதும்மா" என்றேன்.

அவள் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "தெரியாதுங்கிறதை இப்பச் சொல்றீக. மொத தடவையே அப்படி எழுதியிருக்கலாம்ல" என்றாள். வெளியே கணவர் காத்திருந்தார். அவர் பார்வையில்லாத பக்கமாகப் போய் நின்று, கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்களை நான் மறுபடி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய அறிக்கைகளில், எனக்குத் தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதினேன். கோப்புகள் தாமதமாயின. கப்பல்கள் போயின. தாமதத்துக்கு இரண்டு முறை மேலிருந்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். உங்களிடமும் கேட்பார்கள். விளக்கம் எழுதுவது பெரிய வேலை இல்லை. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.